கூலருக்குள் ஒரு தீவு

நாலு நாளாக வெயில் இல்லை. செகந்திராபாத் பக்கம், சைனிக்புரியில் ஜூலை மாதத்தில் மேகம் நிற்பதெல்லாம் ஒரு செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இந்த வாரம் அது பெரிய செய்தி. ஏன் என்பதற்கு வருகிறேன். முதலில் கூலரைக் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறேன்.

நேற்றுக் காலை அப்பாவும் நானும் ஹால் ஜன்னலிலிருந்து கூலரை இறக்கினோம். "ஏல, அந்தப் பக்கம் பிடி. கால்ல போட்டுக்கிட்டு நிக்காத" என்றார் அப்பா. ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய திருநெல்வேலித் தமிழ் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கூலரைத் தரையில் வைத்ததும் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினோம். அடியில் பச்சையாக ஒரு படலம். பிறகு மூன்று பக்கத்திலிருந்தும், தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிரவைக்கும் வெட்டிவேர்த் தட்டிகளை உருவினோம்.

உருவியதும் அந்த வாசனை வந்தது.

கூலர் வைத்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அதற்கு இரண்டு வாசனை உண்டு. மார்ச் கடைசியில் புதுத் தட்டி போட்டு முதல் வாளித் தண்ணீரை ஊற்றும்போது வருவது ஒன்று. அதை யாராவது சென்ட் பாட்டிலில் அடைத்தால் நான் தினமும் போட்டுக்கொண்டு பேகம்பேட் ஆபீஸுக்குப் போவேன். இன்னொன்று சீசன் முடிவில் வருவது. மாதக்கணக்காக நனைந்துகொண்டே இருந்து, ஒரு நாள்கூடக் காயாத வேரின் வாசனை. ஈரத் துணியை பக்கெட்டிலேயே மறந்துவிட்டுப் போனால் வருமே, அதற்கு அண்ணன்.

மொட்டைமாடியில் தட்டிகளைக் காயப் போட்டேன். காயவில்லை. எப்படிக் காயும்?

அங்கேயே உட்கார்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்பது வயதில் நடந்தது ஞாபகம் வந்தது. ஒரு மே மாத மத்தியானம். காக்காய்கூட வெளியே வராத வெயில். கூலரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றுவது என் வேலை, செருப்பைப் போட்டுக்கொண்டு கூலரைத் தொட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். தகரக் கூலர் என்றால் கொஞ்சம் ஷாக் அடிக்கத்தான் செய்யும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பின்பக்கத் தட்டியைக் கழற்றி வாளியைச் சாய்த்தவன், என்ன தோன்றியதோ, தலையை உள்ளே விட்டேன்.

உள்ளே வேறு நாடு. வெளிச்சம் சாம்பல் நிறம். இரண்டு பக்கமும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பெய்கிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்லிய சாரல் முகத்தில் ஒட்டியது. சூடு இல்லை, குளிரும் இல்லை. அந்த நொடியில் என் மண்டையில் ஒரு எண்ணம் விழுந்தது. உலகத்தில் எங்கேயோ ஒரு ஊர், முழு ஊருமே, இப்படி இருக்கும். அங்கே இருப்பவர்கள் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள்!

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள் பியூலா அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள்.

"ஏல கிறுக்கா, வெளிய வா. கரண்ட் இருக்கு. ஃபேன் மூக்கைச் சீவிரும்."

"நான் இதுக்குள்ளயே இருக்கேங்கா."

"ஹவ், சரி, இரு. சோத்தை ஜன்னல் வழியாத் தாரேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்காவின் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது அடக்கமான சிரிப்பு அல்ல. செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சர்ச்சில் பாடகர் குழுவில் அவள் மூன்றாவது வரிசையில் நிற்பாள். பிரசங்கத்தின் நடுவில் பாஸ்டர் தெரியாமல் ஒரு ஜோக் அடித்துவிட்டால், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாக ஒரு சிரிப்பு கேட்கும். அம்மா உடனே குனிந்து பைபிளில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவாள்.

அந்த எண்ணத்துக்குப் பெயர் கிடைத்தது ஏழாம் வகுப்பில். புவியியல் புத்தகத்தில் காலநிலை வகைகள். கடல் சூழ்ந்த மேற்குக் கரைத் தீவுகளில் மிதமான வெப்பம், வருஷம் முழுவதும் மழை, எப்போதும் மேகம், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்று நாலே வரி. மற்ற பையன்கள் அதைத் தேர்வுக்குப் படித்தார்கள். நான் காதல் கடிதம் மாதிரி படித்தேன். வகுப்பிலேயே எழுந்து, "மேடம், அங்க மாடியில தண்ணி தெளிக்கவே வேண்டாமா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் சாயங்காலமானால் நானும் அக்காவும் மொட்டைமாடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் தூக்குவோம். முதல் வாளி விழுந்ததும் சிமெண்ட் 'உஸ்' என்று சத்தம் போட்டு ஆவியை விடும். அந்த வேலை இல்லாத ஒரு நாடு இருக்கிறது என்பது எனக்கு நம்ப முடியாத நல்ல செய்தி. மேடம், "நக்கோ பாபா, போதும், உட்காரு" என்றார்.

அதற்குப் பிறகு நான் திருந்தவே இல்லை. அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு சார்ட். அதில் தினமும் எங்கள் ஊர் வெப்பம் ஒரு கட்டத்தில், அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊருக்கு அட்லஸின் பின்பக்க அட்டவணை சொல்லும் மாதச் சராசரி பக்கத்துக் கட்டத்தில். ஏன் அந்த ஊர் என்றால், அட்லஸில் மேற்கு ஓரமாக, இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கடலில் விழுந்துவிடும் போல இருந்தது. அவ்வளவுதான் ஆராய்ச்சி. மே மாதத்தில் எங்கள் கட்டத்தில் நாற்பதைத் தாண்டும்போது அந்தக் கட்டத்தில் பதினான்கு என்று எழுதுவேன். எழுதும்போதே கை குளிரும்.

கல்லூரி வந்ததும் இணையம். அந்தத் தீவில் வாழ்கிறவர்கள் தங்கள் வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் பக்கங்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே மூச்சு விடுவதைவிட அதிகமாக அதைப் பற்றித்தான் பேசுவார்கள் போல. நான் ஒவ்வொன்றாகப் படித்து ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்தேன். 'தோல் நன்றாக இருக்கும், பதினோரு வருஷமாக இருக்கிறேன்' என்று கேரளத்துக்காரர் ஒருவர். 'எங்கே பார்த்தாலும் பச்சை, நாற்பது வகைப் பச்சை' என்று ஒருவர். 'ஏசி வேண்டாம், ஃபேன் வேண்டாம், வேர்க்குரு இல்லை.' இவையெல்லாம் இடது பக்கம். வலது பக்கத்தில் புகார்கள். புகார்களை நான் நம்பவில்லை. பிரியாணி தினமும் கிடைக்கிறவன் பிரியாணியைக் குறை சொல்வான் இல்லையா, அப்படி எடுத்துக்கொண்டேன்.

அதில் ஒரு அம்மாள் எழுதியிருந்தார். ஐந்தாவது வருஷம் ஒரு விளக்கு வாங்கினேன், வெயிலைப் போல வெள்ளையாக எரியும், காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தால்தான் அன்றைக்கு எழுந்து நடக்க முடிகிறது, என்று. எனக்குச் சிரிப்பாக இருந்தது. சூரியனைப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். நோட்டில் 'வேடிக்கை' என்று தலைப்புப் போட்டு அதன் கீழே எழுதினேன்.

இதெல்லாம் ஒரு பையனின் கிறுக்கோடு நின்றிருந்தால் இன்று நான் நிம்மதியாகத் தட்டி காயப்போட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலிருந்து வேலை வந்தது. ஒன்று வளைகுடாவில். எங்கள் சர்ச்சில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே ஆள் இருக்கிறது, போகிற வழியெல்லாம் தெரிந்த முகம். இன்னொன்று அயர்லாந்தில். நம்பமாட்டீர்கள், என் சார்ட்டில் இருந்த ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அக்காவுக்கு வளைகுடாதான் மனதில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதைக் கவனிக்க எனக்கு எங்கே நேரம்? நான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜை. தட்டுகளை ஒதுக்கிவிட்டு நாலு பக்கம் வாசித்தேன். வெப்பநிலை, மழை நாட்கள், காற்று, கருத்துகள். "அக்கா, நீ இங்க படுற பாடு போதாதா? மறுபடி போய் அதே வெயில்ல நிக்கப் போறியா? இது சொர்க்கம்க்கா. வருஷம் பூரா மார்ச் மாசக் கூலர்."

அம்மா ஏற்கெனவே பாதி மயங்கிவிட்டாள். அவளுக்கு மே மாதம் முழுக்கக் கழுத்தில் வேர்க்குரு. "வேர்க்கவே வேர்க்காதாம்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டே, "கைக்கு ரா, எதுக்கு இவ்வளவு ஆசை உனக்கு? நீ போயேன்" என்றாள். எனக்கு வழி இருந்தால் போயிருக்கமாட்டேனா!

அப்பா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துணி எங்கல காயப்போடுவா?"

நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அக்காதான் கடைசியில் சிரித்து முடித்தாள், வழக்கம் போல. "அப்பா, அங்க எல்லா வீட்டுலயும் டிரையர் மெஷின் இருக்கு" என்று நான் விளக்கினேன். விஞ்ஞானம் தெரியாதவருக்கு விளக்குகிற குரலில். அப்பா, "ஓ" என்று சொல்லி ஊறுகாய் பாட்டிலை மூடி வைத்தார்.

அக்கா தீவுக்குப் போனாள்.

முதல் மூன்று மாதம் நான் சொன்னதெல்லாம் பலித்தது. பச்சை வயல்களின் வீடியோ, ஈரமான கல் சுவர்கள், ஒரே நேரத்தில் இரண்டு வானவில். நான் ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன். அங்கத்து மழையைப் பற்றி அக்கா சொல்வதைக் கேட்க எனக்கு அலுக்காது. நம்ம ஊர் மழைக்கு ஒரு ஆரம்பம் முடிவு உண்டு. முதலில் புழுதிக் காற்று, எங்கோ தகரம் படபடக்கும், கரண்ட் போகும், ஒரே கொட்டு, பேகம்பேட்டில் ஆட்டோ மிதக்கும், முக்கால் மணி நேரத்தில் பளீரென்று வெயில். "இங்க அப்படி இல்லல" என்பாள் அக்கா. "பெய்யவே மாட்டேங்கு. காத்துல சும்மா நிக்குது. மழை விட்டுருச்சுன்னு சொல்ல ஒரு நேரமே கிடையாது. வார்டுல ஒரு தாத்தா தினமும் ஜன்னலைப் பாத்து, 'இன்னிக்கு மெத்துன்னு இருக்கு'ங்கார். எனக்கு முதல்ல மெத்தையைச் சொல்லுதாரோன்னு இருந்தது. மழையத்தான் சொல்லுதார்!"

நவம்பரில் ஒருநாள் அவள் போனில் சொன்னதை நான் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு மத்தியானம் பன்னிரண்டரை, மொட்டைமாடியில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காலை ஏழு, இன்னும் விடியவில்லை. "ஏல, போனைக் கொஞ்சம் தரையில காட்டு" என்றாள். காட்டினேன். மாடித் தரை, வெயில், என் நிழல், கொடியின் நிழல். "அப்படியே வை. பேச வேண்டாம்." நான் அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கால் சுட்டது. ஐந்து நிமிஷம் கழித்து, "சரி, ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள்.

விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு வெயில் காட்டுவது என் வேலை என்று ஆகிவிட்டது. ஆபீஸ் நாட்களில் பேகம்பேட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் போய் நிற்பேன். ஒரு செக்யூரிட்டி அண்ணன் பார்த்துவிட்டு, "க்யா பையா, ஜமீன் கா ஃபோட்டோ?" என்று கேட்டார். தரையைப் படம் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

பிறகு அந்தக் கிறிஸ்துமஸ். வீடியோவில் அக்கா வந்தாள். முகம் அப்படி ஒரு வெளிச்சம். அம்மா போனை அப்பாவிடம் நீட்டி, "பாருங்க எம் பிள்ள முகத்த. பளபளன்னு இருக்கா. அந்த ஊருத் தண்ணி!" என்றாள். அந்த ஞாயிறு சர்ச் வாசலில் டீ குடித்துக்கொண்டே நாலு பேரிடம் சொன்னாள். அடுத்த ஞாயிறு எட்டுப் பேரிடம்.

அம்மா கிச்சனுக்குப் போனதும் அக்கா போனைத் திருப்பிக் காட்டினாள். மேஜைமேல் ஒரு வெள்ளை விளக்கு, பள்ளிக்கூட ஸ்லேட் அளவு. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. 'வேடிக்கை' என்று தலைப்புப் போட்டு எழுதியவன் நான்தானே.

"டாக்டர் சொன்னார். இங்க நிறையப் பேர் வச்சிருக்காங்க. அம்மாகிட்ட சொல்லாத."

"எப்பலேர்ந்துக்கா?"

"அக்டோபர். அதை அணைச்சா என் மூஞ்சியப் பாக்க முடியாதுல." அணைத்தாள். ஒரு நொடிதான். பிறகு மறுபடியும் போட்டுவிட்டாள்.

அந்த ஒரு நொடியை நான் உங்களுக்கு வர்ணிக்கப் போவதில்லை.

அது வானிலைதானா, தனிமையா, வேலையா? எனக்குத் தெரியாது. நானும் கேட்டுப் பார்த்தேன். "ஊரு நல்ல ஊருல" என்றாள். "ஆளுங்க அதைவிட நல்லவங்க. அதான் கஷ்டம். யாரையும் திட்ட முடியல." மே வரட்டும், கோடை வந்தால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். மே வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்ல வெயில் அடித்தது. ஊரே வெளியே வந்து சுவர்மேல் உட்கார்ந்து சிவந்துபோனதாம். அக்கா ஆஸ்பத்திரி கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு சிரிப்பு இருக்கிறது, பழைய சிரிப்பு. நான் அதைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் மேகம். அவள்தான் எண்ணிச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் வானிலைக் கணக்கு எழுதுகிறவன் நான் என்று இருந்தது. இப்போது அவள் எழுதுகிறாள்.

அடுத்த குளிர்காலமும் போனது. அடுத்த கோடையும் வந்துவிட்டது. 'மே வரட்டும்' என்று இரண்டாம் முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "ஏல, என் ரூம்ல ஒரு வாசனை. துணியை ஹீட்டர் மேல போட்டுக் காய வைக்கோம்லா, சுவரெல்லாம் ஈரம். என்ன வாசனை, என்ன வாசனைன்னு ரெண்டு வருஷமா யோசிச்சேன். இன்னிக்குக் கண்டுபிடிச்சுட்டேன். நம்ம கூலர். ஜூலையில கழத்துவோமே, அந்த வாசனை." பிறகு, "நீ கேட்டது எனக்குக் கிடைச்சிருச்சு, பாத்தியா. நான் கூலருக்குள்ள இருக்கேன்."

கோபமே இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதோடு இன்னொரு விஷயமும் சொன்னாள். அவளுடைய இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாளா, கிளம்புகிறாளா என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். "நீதான அன்னிக்கு நாலு பக்கம் வாசிச்ச. இப்பவும் நீயே சொல்லு. எனக்கு யோசிக்க வர மாட்டேங்கு."

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எழுதுகிறேன், அழிக்கிறேன். வா என்று சொல்லலாம். வந்தால் இங்கே மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஞாயிறு சர்ச் வாசலில் அம்மா என்ன சொல்வாள், அதைவிட, வந்த பிறகும் அக்கா அதே அக்காவாக இல்லாவிட்டால்? இரு என்று சொல்லலாம். அந்த ஒரு நொடியைப் பார்த்தவன் எப்படிச் சொல்வது? கடல் சூழ்ந்த தீவுகளின் வானிலையைப் பற்றி அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு வரி வரவில்லை.

இதற்கு நடுவில் ஷீபா. எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெண். அக்காவைப் பார்த்துத்தான் நர்ஸிங் படித்தாள், அக்கா இருக்கிற அதே ஊருக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை விமானம். சாமான் எடுத்துப் போக நேற்று மத்தியானம் வந்தாள். அம்மா பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு என்று ஒரு ராணுவத்துக்கே கட்டிக்கொண்டிருந்தாள். "அங்க போயி ரெண்டு மாசத்துல நீயும் எங்க பியூலா மாரி பளிச்சுன்னு ஆயிருவ, பாரு."

ஷீபா என்னைப் பார்த்துத் திரும்பினாள். "அண்ணா, நீங்கதான எக்ஸ்பர்ட். அக்கட கிளைமேட் எட்ல, எப்படி இருக்கும் அண்ணா? அக்கா ஹேப்பியா?"

அம்மா முறுக்கு டப்பாவை மூடிக்கொண்டே என் பதிலுக்குக் காத்திருந்தாள். முகம் முழுக்கப் பெருமை.

"துணி காய லேட் ஆகும்" என்றேன்.

"அந்தேனா? அவ்வளவுதானா? அதுக்கு டிரையர் இருக்கே அண்ணா!" ஷீபா சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். ஜன்னலோரம் கூலரின் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். இரண்டு வருஷமாக அவருக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

ஷீபாவிடம் கொடுத்துவிட அக்கா கேட்டிருப்பது ஊறுகாய் அல்ல. "என்னோட நீலக் கட்டம் போட்ட பெட்ஷீட் இருக்குல்லா, அதைத் துவைச்சு நம்ம மாடியில காயப்போட்டு, சூடு ஆறுறதுக்குள்ள ஒரு கவர்ல போட்டுக் கட்டித் தா. வேற எதுவும் வேண்டாம்." மே மாதத்தில் என்றால் அந்த பெட்ஷீட் கால் மணி நேரத்தில் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். நானும் அக்காவும் அதைக் கொடியிலிருந்து உருவி, சூட்டோடு தலையில் போர்த்திக்கொண்டு மாடிப்படியில் கண் தெரியாமல் இறங்குவோம். வெயிலுக்கு ஒரு வாசனை உண்டு என்பதே எனக்கு அந்தக் கூடாரத்துக்குள்தான் தெரியும். அதை நான் நோட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. இலவசமாக வந்துகொண்டிருந்ததால் அது ஒரு பொருள் என்றே தோன்றவில்லை.

அந்த நோட்டு பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. அலமாரிக் கதவில் சார்ட் இருந்த இடத்தில் டேப்பின் நாலு மூலைகள் மட்டும் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு கூலர் ஜன்னலுக்கு வெளியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். நடந்து போனால் தெருவே நனைந்த வேர் மணக்கும். இப்போது எல்லா ஜன்னலும் மூடி, ஏசியின் குழாய் மட்டும் சொட்டுகிறது. செகந்திராபாத் மார்க்கெட்டில் தட்டி விற்ற கடையில் போன் கவர் விற்கிறார்கள். மாடிக்குத் தண்ணீர் தூக்கிப் போகிறவர்கள் இல்லை. சர்ச்சில் ஜோக்குக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்து ஒரே நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு பைபிளில் குனிந்து தேட எதுவும் இல்லை.

இன்று புதன்கிழமை. இதை எழுதிக்கொண்டே நாலு தடவை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். மேகம் அப்படியேதான். மேகத்தைக் கண்டால் துள்ளிக் குதித்தவன் இன்று அண்ணாந்து பார்த்து, கொஞ்சம் நகர்ந்து போயேன் என்று கெஞ்சுகிறேன். கேட்பதாக இல்லை. தட்டிகளைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் ஈரம்.

நாளைக் காலை எழுந்ததும் பெட்ஷீட்டைத் துவைத்துவிடுவேன், வெயில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கொடியில் போட்டதும் கிளிப் எடுத்து வரச் சொல்லி அம்மாவை மாடிக்குக் கூப்பிடுவேன். அவள் மூட்டு வலியைத் திட்டிக்கொண்டே ஏறி வருவாள். பன்னிரண்டரைக்கு அக்காவுக்கு போன் போடுவேன். இந்தத் தடவை தரையைக் காட்டமாட்டேன். போனை அம்மாவின் கையில் கொடுத்துவிடுவேன். அக்காவுக்குத் தெரியாமல் அல்ல. அவளுக்கு முன்கூட்டியே ஒரு வரி அனுப்ப வேண்டும். காலையிலிருந்து எழுதி அழித்ததில் இது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. இதை முடித்ததும் அனுப்பப் போகிறேன்:

"நாளைக்கு அந்த லைட்டைப் போடாம போனை எடு அக்கா."